அயல் வீட்டு நாய் கடித்துவிட்டது, இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் போகும் பெயர் தெரியாத நாய் கடித்தால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தெரிந்த வீட்டு நாய் கடித்தால்தான் குழப்பம். விசர் நோய்க்கு (ரேபிஸ்) ஊசி தேவையா, அவர்களிடம் போய்ச் சொல்வதா, சொன்னால் கோபிப்பார்களா, பொலிசுக்குப் போனால் நாளைக்கு ஒழுங்கையில் முகம் பார்க்க முடியுமா என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு, அந்த நிலைமைக்காக எழுதப்பட்டது. கடித்த நாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரை உங்களுக்குத் தெரியும்.

கடித்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கழுவுங்கள். யார் பிழை, எந்த நாய், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் பிறகு. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பார்க்காவிட்டால் இரண்டு நிமிடத்திலேயே நிறையக் கழுவிவிட்டது போலத் தோன்றும். குழாய் இல்லாமல் கிணற்றடியில் நின்றால் ஒருவர் அள்ளி ஊற்ற மற்றவர் கழுவலாம். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் போதும். விசர் நோயை உண்டாக்கும் வைரசின் வெளிப்படலத்தில் கொழுப்பு இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். காயத்தில் வைரஸ் இறங்கியிருந்தாலும் அதில் பெரும்பகுதி இப்படியே கழுவுப்பட்டுப் போகும்.

கழுவிய பிறகு வீட்டில் பொவிடோன் அயடீன் இருந்தால் பூசலாம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அவை காயத்தை எரித்துப் புண்ணாக்கும், வைரசை ஒன்றும் செய்யாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இரத்தம் நிற்காமல் ஓடினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இரத்தம் வரவில்லை, பல் பட்ட கீறல் மட்டும்தான். இதற்கும் போக வேண்டுமா?

தோல் கிழிந்திருந்தால் போக வேண்டும். கீறலில் ஒரு பொட்டு இரத்தம் கசிந்தாலும், ஏற்கெனவே இருந்த புண்ணில் நாயின் எச்சில் பட்டாலும், கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்தாலும் போக வேண்டும். நல்ல தோலை நாய் நக்கியது, நாயைத் தடவினீர்கள், பக்கத்தில் நின்று குரைத்தது என்றால் பயப்பட ஒன்றுமில்லை, கையைக் கழுவினால் சரி. காற்சட்டைக்கு மேலால் கடித்துத் தோல் கிழியவில்லை என்று நினைத்தால் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். ஊசிமுனை அளவு துளை கண்ணில் படாமல் போகலாம். காயத்தில் ஸ்பிரிட் பட்டு எரிந்தால் தோல் கிழிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ரியூசனுக்குப் போகும் வழியில் கடிபட்ட பிள்ளை, ஏச்சு விழும் என்ற பயத்தில் வீட்டில் சொல்லாது. "கம்பி கீறினது" என்று சொல்லும். பிள்ளை குள்ளமாக இருப்பதால் நாயின் வாய் எட்டுவது முகத்துக்கும் கழுத்துக்கும். மூளைக்குக் கிட்டவான கடி என்பதால் அதில் ஆபத்தும் அதிகம். கீறலைக் கண்டால் ஏசாமல் கேளுங்கள்.

"எங்கட நாய்க்கு ஊசி போட்டது, நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்கிறார் சொந்தக்காரர். அதை நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் சொல்லும் "ஊசி" எந்த ஊசி என்று அவருக்கே நிச்சயமில்லாமல் இருக்கலாம். நாய்க்குக் குட்டி வராமல் போடும் ஊசியும் ஊசிதான், உண்ணிக்குப் போடுவதும் ஊசிதான். மூன்று வருடத்துக்கு முன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமார் சனசமூக நிலையத்தடிக்கு வந்தபோது போட்டதும் ஊசிதான். அதனால் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். "கோபிக்காதேங்கோ அண்ணை, டொக்டர் கேட்பார், அந்தக் காட்டை ஒருக்கால் தாங்கோ, போன்ல படம் எடுத்துப்போட்டுத் தாறன்" என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை.

இலங்கையில் வைத்தியர்கள் பார்ப்பது இவ்வளவு. நாய்க்கு விசர்த் தடுப்பூசி குறைந்தது இரண்டு முறை போட்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே இரண்டு வருடத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது, கடைசி ஊசி கடித்த நாளுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். நாய்க்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். நாய் இப்போது சுகமாக இருக்க வேண்டும், 14 நாள் கண்ணில் வைத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாக, கடித்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வாலை மிதித்தது, சாப்பிடும்போது கை வைத்தது, குட்டியைத் தூக்கியது போன்றவை காரணங்கள். ஒழுங்கையால் சும்மா சைக்கிளில் போனவரைத் துரத்திக் கடித்ததை அப்படிக் கணக்கெடுப்பது கஷ்டம்.

இவை எல்லாம் பொருந்தினால் ஊசியைத் தள்ளிப்போட்டு நாயைக் கவனிக்கச் சொல்லலாம். அந்த முடிவை எடுப்பவர் வைத்தியர். சொந்தக்காரரோ நீங்களோ பக்கத்து வீட்டு மாமாவோ எடுக்கக் கூடாது. நடைமுறையில் இத்தனையும் பொருந்தும் நாய்கள் நம் ஊரில் குறைவு என்பது என் எண்ணம். வளர்ப்பவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அட்டை எங்கோ பெட்டிக்குள் போய்விடுகிறது, இரண்டாவது வருடம் மறந்துவிடுகிறது.

நாய் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீரும் குடிக்கிறது. பிறகென்ன?

இந்தத் தண்ணீர்க் கதையை விட்டுவிடுங்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவது நோய் வந்த மனிதருக்கு. விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்கும், குளத்தில் இறங்கியும் நிற்கும். "தண்ணி குடிச்சுது, அப்ப விசரில்லை" என்று சொல்லி ஊசி போடாமல் இருப்பதைப் போல ஆபத்தான சமாதானம் வேறில்லை.

இன்னொரு விஷயம், நாய்க்கு வருத்தத்தின் அடையாளம் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். இன்று வாலாட்டும் நாயின் வாயிலும் அது இருக்கலாம். அடையாளம் என்று வந்தாலும் எல்லா நாயும் வெறி பிடித்து ஓடுவதில்லை. சில நாய்கள் இருட்டான மூலை தேடிப் படுத்துவிடும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடியும், குரல் மாறிவிடும், பின்கால் தள்ளாடும். "தொண்டையில எலும்பு சிக்கிப்போச்சு" என்று வாய்க்குள் கை விட்டுப் பார்ப்பவர்கள் அந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கல், தடி, மண் என்று தின்னத் தகாததைத் தின்பதும் ஓர் அடையாளம்.

குட்டிநாய்க்கு விசர் வராது என்பதும் பிழை. தாயிடமிருந்தோ கடித்த வேறு நாயிடமிருந்தோ குட்டிக்கும் வரும். குட்டியின் பல் கூர்மையானது, விளையாட்டாகக் கடித்தாலும் தோலைக் கிழிக்கும்.

எங்கே போவது?

அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நகரத்தில் யாழ் போதனா வைத்தியசாலை இருக்கிறது. வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழை, வடமராட்சியில் பருத்தித்துறை, தென்மராட்சியில் சாவகச்சேரி, தீவகத்தில் ஊர்காவற்துறை ஆகியவை ஆதார வைத்தியசாலைகள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம். வீட்டுக்குக் கிட்ட சிறிய பிரதேச வைத்தியசாலை இருந்தால் முதலில் அங்கே போனாலும் சரி, தேவையென்றால் துண்டு எழுதிப் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

நெடுந்தீவில் இருப்பவர்கள் கடிபட்டவுடன் குறிகாட்டுவானுக்கு எப்போது படகு என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தீவில் உள்ள வைத்தியசாலையில் காயத்தைக் காட்டுங்கள், எவ்வளவு அவசரமாகக் கடக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

இரவில் கடித்தால் விடியும்வரை இருக்கலாமா என்று கேட்பார்கள். முகம், கழுத்து, கை விரல் என்றாலோ ஆழமான கடி என்றாலோ இரவே போங்கள். காலில் சிறிய கீறல் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு விடியப் போனால் உலகம் புரண்டுவிடாது. "விடிய" என்பது "சனிக்கிழமை லீவில" என்று ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அங்கே என்ன செய்வார்கள்? தொப்புளைச் சுற்றி ஊசியா?

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி அந்தக் காலம். அம்மம்மாமார் சொல்லும் கதையில் மட்டும்தான் அது இப்போது இருக்கிறது. அதற்குப் பயந்து வீட்டிலிருக்க வேண்டியதில்லை.

வைத்தியர் கடியைப் பெரியதா சிறியதா என்று பிரிப்பார். தலை, முகம், கழுத்து, உள்ளங்கை, விரல்நுனி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இரத்தம் வந்த கடி, எங்கே என்றாலும் ஆழமான கடி, கண்ணிலும் வாயிலும் எச்சில் பட்டது ஆகியவை பெரியவை. கையிலோ காலிலோ மேலோட்டமான ஒற்றைக் கடியும் கீறலும் சிறியவை.

சிறியதற்குத் தடுப்பூசி மட்டும். மேற்கையில் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் போடுவார்கள், நுளம்பு கடித்ததுபோல ஒரு தடிப்பு வரும். முதல் நாளை 0 என்று எண்ணி, 3ஆம் நாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் என்று வரச் சொல்வது வழக்கம். திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள். உங்கள் அட்டையில் வேறு திகதி எழுதியிருந்தால் அட்டையைப் பின்பற்றுங்கள்.

பெரியதற்கு இதோடு இன்னொரு மருந்தும் வேண்டும். தடுப்பூசி போட்டு உடல் தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அதுவரை காவலுக்கு, ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தியைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் ஏற்றுவார்கள். பெரும்பாலும் அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் முதலில் கையில் சிறிது போட்டு ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பார்கள். வார்டில் சில மணி நேரமோ ஒரு நாளோ இருக்க வேண்டிவரலாம், மாற்றுடுப்பும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு போங்கள். விரலில் ஏற்றும்போது நோகும், மறைக்கத் தேவையில்லை. முதல் ஊசி போட்டு 7 நாளுக்குப் பிறகு இந்த மருந்தால் பயனில்லை. பெரிய கடிக்கு உடனே போகச் சொல்வது இதற்காகவும்தான்.

ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். கிருமித்தொற்றுக்கு அன்ரிபயோட்டிக்கும் தரக்கூடும். காயத்தை அன்றே தைக்காமல் விட்டால், கவனிக்காமல் விட்டார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள். நாய்க்கடியை உடனே தைத்து மூடாமல் விடுவதுதான் வழக்கம். ஓரிரு நாளில் சிவந்து வீங்கிச் சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால், அடுத்த ஊசித் திகதிவரை இருக்காமல் உடனே காட்டுங்கள். அது விசர் அல்ல, சாதாரணக் கிருமி. ஆனால் அதுவும் கையைக் கெடுக்கும்.

நீரிழிவு, புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்ரீரொயிட் மருந்து, மூட்டுவாதத்துக்குக் குடிக்கும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. முன்பு இந்த ஊசி முழுதாகப் போட்டவர் என்றால் பழைய அட்டையைத் தேடுங்கள், ஊசியின் எண்ணிக்கை குறையும்.

கர்ப்பமாக இருக்கிறேன், போடலாமா? பால் கொடுக்கும் தாய்க்கு? குழந்தைக்கு?

மூவருக்கும் போடலாம், போட வேண்டும்.

இரண்டு ஊசி போட்டாயிற்று, நாயும் சுகமாக நிற்கிறது. மிச்சத்தை விடலாமா?

14 நாள் முடிந்து நாய் உயிரோடு சுகமாக இருந்தால் வைத்தியர் 30ஆம் நாள் ஊசியை நிறுத்தச் சொல்லக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். திகதி ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயந்து போகாமலே விடுபவர்களும் இருக்கிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அடுத்த நாளே போங்கள். கொழும்புக்கோ வவுனியாவுக்கோ பயணம் இருந்தால் அட்டையோடு போய் அங்கே உள்ள அரச வைத்தியசாலையில் போடலாம்.

14 நாள் நாயைக் கவனிப்பது என்றால் என்ன? அது வேறு வீட்டு நாய் அல்லவா?

இந்த விஷயம் முழுவதும் சுற்றுவது இந்த இடத்தில்தான். கடித்த நாய்தான் உங்களுடைய ஒரே சாட்சி. கடித்த நேரம் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் நாய் சில நாட்களில் வருத்தம் காட்டி இறந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் கவனிக்கச் சொல்கிறது. இலங்கையில் 14 நாள். அந்த நாட்களைத் தாண்டி நாய் சுகமாக இருந்தால், கடித்த அன்று அதனிடமிருந்து விசர் தொற்றியிருக்க முடியாது.

ஆக, அந்த நாய் உங்களுக்கு வேண்டும், உயிரோடு, கட்டி வைத்தபடி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். முதல் நாளே அந்த வீட்டுப் படலையில் நின்று சத்தம் போட்டால் என்ன நடக்கும்? சொந்தக்காரர் பயந்து நாயைச் சாக்கில் கட்டி வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அல்லது கோபத்தில் அடித்துக் கொன்றுவிடுவார். அல்லது "அது எங்கட நாயில்லை, ரோட்டு நாய்" என்பார். மூன்றிலும் நட்டம் உங்களுக்கு. சண்டை பிடிக்க வேண்டுமென்றால் 15ஆம் நாள் பிடியுங்கள். அதுவரை அவர் உங்களுக்குத் தேவை.

என்ன சொல்லலாம்? "அன்ரி, ஜிம்மி என்னைக் கடிச்சுப்போட்டுது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். ரெண்டு கிழமைக்கு அவிழ்த்து விடாதேங்கோ, சாப்பாடு தண்ணி வையுங்கோ. ஏதும் வித்தியாசமெண்டால் உடனே எனக்கு ஒரு கோல் எடுங்கோ." இவ்வளவு போதும். பிழை யாருடையது என்ற பேச்சே வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகளும் அந்த நாயோடுதான் விளையாடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்தால், கட்டி வைப்பது உங்களுக்காக மட்டுமல்ல என்பது அவர்களுக்கும் புரியும்.

பிறகு நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ ஓரிரு நாளுக்கு ஒருமுறை வேலிக்கு இப்பால் நின்று நாயைப் பாருங்கள். "நிக்குது, சாப்பிட்டுது" என்று கேள்விப்படுவதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. அந்தப் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவிடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் யார் என்று சொல்வார்கள். அவர் போய்ப் பார்த்தால் சொந்தக்காரரும் கவனமாக இருப்பார், நீங்கள் காட்டிக்கொடுத்ததாகவும் தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். அட்டை சரியில்லாத நாய் என்றால் கவனிப்பதும் ஊசியும் ஒரே நாளில் தொடங்கும். நாய்க்கு ஏதாவது வந்தால் பார்த்துக்கொண்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருப்பது அந்த நாய்க்கு விசர் இல்லை என்று பந்தயம் கட்டுவது.

நாய் செத்துவிட்டது, அல்லது காணவில்லை. இனி?

காணாமல் போனால் விசர் நாய் கடித்ததாகவே எடுத்து முழு ஊசியும் போட வேண்டும். அதுவரை ஊசி தொடங்காதவர் அன்றே தொடங்க வேண்டும்.

செத்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். நாயின் மூளையைச் சோதித்தால் விசரா இல்லையா என்று தெரியும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. தலையை ஐஸில் வைத்துக் கெட்டுப்போகாமல் அனுப்ப வேண்டும். வெட்டுவதும் பொதி செய்வதும் உங்கள் வேலை அல்ல. பி.எச்.ஐ.க்கும் அரச மிருக வைத்தியருக்கும் உடனே சொல்லுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். காகமோ வேறு நாயோ இழுக்காதபடி மூடி வையுங்கள். புதைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாலும் அன்றே சொல்லுங்கள், ஒரு நாள் இரண்டு நாள் என்றால் தோண்டி எடுத்துச் சோதிக்க முடியுமா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள்.

விசகடி வைத்தியரிடம் போய்ப் பார்வை பார்த்தாயிற்று. அதுவும் போதாதா? பத்தியம் என்ன?

போதாது. பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் மனத்துக்கு ஆறுதல் தரும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், யாரும் அவிழ்க்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு கட்டுங்கள். விசர் நோயின் அடையாளங்கள் தோன்றிவிட்டால் ஆங்கில வைத்தியத்திலும் காப்பாற்ற வழியில்லை. அதனால்தான் வருமுன் ஊசி. நாட்டு வைத்தியத்தில் குணமான கதைகள் நிறைய உண்டு. அந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு விசரே இருந்திருக்காது, வைத்தியம் செய்யாமலும் அவர் சுகமாகத்தான் இருந்திருப்பார். கதை சொல்பவர் பொய் சொல்லவில்லை, நாயைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் விசரால் இறந்தார்கள். இப்போது அந்த எண்ணிக்கை இருபது முப்பது என்று சுருங்கிவிட்டது. சுருக்கியது நாய்களுக்கும் மனிதருக்கும் போட்ட ஊசிதான்.

பத்தியத்துக்கு வந்தால், இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் கிரந்தி என்று வீட்டில் மறிப்பார்கள். ஊசிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. முன்பே இறால் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அது வேறு கதை. குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஊசிக் காலத்தில் சாராயத்தை விட்டிருப்பது நல்லது. குடித்துவிட்டு ஊசித் திகதியை மறப்பதுதான் அதில் பெரிய ஆபத்து.

செலவை யார் தருவது? பொலிசுக்குப் போகலாமா?

போகலாம், உங்களுக்கு உரிமை இருக்கிறது. மிருகத்தைக் கவனயீனமாக விட்டு ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்குவது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். நாயைப் பதிவு செய்வதற்கு 1901ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது, விசர் நோய்க்கென்று 1893ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ நாயைப் பதிந்து வைத்திருப்பவர் உங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

நட்டஈடு விஷயத்தில் பலர் தேசவழமையை இழுப்பார்கள். அது சொத்துக்கும் வாரிசுக்கும் உரியது, நாய்க்கடிக்கு அல்ல. இங்கே பொருந்துவது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி வீட்டு விலங்கு தன் இயல்புக்கு மாறாக ஒருவரைக் காயப்படுத்தினால், சொந்தக்காரர் பொறுப்பாகலாம். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ உரிமையில்லாமல் உள்ளே புகுந்திருந்தாலோ அந்தப் பொறுப்பு இல்லாமல் போகும். "கடிநாய் கவனம்" என்று கேற்றில் பலகை தொங்கவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழுங்கைக்கு ஓடிவந்து கடித்த நாய்க்கு அந்தப் பலகை எப்படிப் பதில் சொல்லும்?

ஆனால் நீதிமன்றம் என்பது நீண்ட பாதை. ஊசி இலவசம், ஆகவே செலவு என்பது பெரும்பாலும் ஓட்டோக் காசு, மருந்துக்கடைச் செலவு, போகாத நாள்ச் சம்பளம். இந்த அளவுக்கு ஒரு பெரியவரை வைத்துப் பேசினாலே பலர் தருவார்கள். பேசி முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, நம்மவர்கள் இணக்கசபை என்பது. சட்டத்தரணி இல்லாமலே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசலாம். முகத்தில் தழும்பு, விரல் மடங்காமல் போனது, பிள்ளை கடிபட்டது என்றால் மட்டும் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

எந்த வழி என்றாலும் ஆதாரத்தை முதல் நாளிலிருந்தே சேருங்கள். காயத்தின் படம், ஊசி அட்டை, பற்றுச்சீட்டு, கண்டவரின் பெயர். அதே நாய் முன்பும் யாரையாவது கடித்திருந்தால் அந்தத் தகவல் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. அப்படியென்றால் பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுவதுதான் சரி, அயலட்டை முகம் சுளித்தாலும். அடுத்த கடி ஒரு பள்ளிப்பிள்ளைக்கு விழலாம்.

வீட்டுக்காரர் கனடாவில். நாயைப் பார்ப்பது ஒரு கூலிக்காரர். யாரிடம் பேச?

சாப்பாடு போடுபவரிடம் பேசுங்கள். நாயைக் கட்டி வைப்பது அவர் கையில்தான். வட்ஸ்அப்பில் கனடாவுக்கும் சொல்லுங்கள், தடுப்பூசி அட்டையின் படம் அங்கிருந்து வரவும் கூடும். பூட்டிய வளவுக்குள் யாரும் பார்க்காத நாய் என்றால் கவனிக்க முடியாத நாய் என்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். கிராம அலுவலரிடம் சொன்னால் பொறுப்பாளர் யார் என்று தெரியவரும்.

கடித்தது எங்கள் நாய். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கடிபட்டவரை உங்கள் குழாயிலேயே கழுவ விடுங்கள், சவர்க்காரத்தை எடுத்துக் கொடுங்கள். அட்டையைத் தேடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அந்த நேரம் "ஊசி போட்டதுதான்" என்று சமாளிப்பது ஒரு உயிரோடு விளையாடுவது. நாயைக் கட்டுங்கள், கொல்லாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், இந்த 14 நாளுக்குள் புதிதாக ஊசியும் போடாதீர்கள். முடிந்தால் ஓட்டோவைப் பிடித்து நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கு என்று போனால் அந்த ஓட்டோப் பயணத்தையே முதலில் சொல்வார்கள், உங்களுக்குச் சாதகமாக.

நாய்க்கு வருடம் தவறாமல் ஊசி போடுங்கள். சுகாதாரப் பகுதியினர் ஊரில் முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறார்கள், தவறினால் மிருக வைத்தியரிடம் போடலாம்.

மூன்று மாதத்துக்கு முன் கடித்தது, ஊசி போடவில்லை. இனிப் போய்ப் பயனுண்டா?

உண்டு. வைரஸ் நரம்பு வழியே மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் நோய் காட்டும், சில நேரம் ஒரு கிழமையிலும் சில நேரம் ஒரு வருடம் கழித்தும் காட்டும். அடையாளம் தெரியாதவரை ஊசிக்கு நேரம் கடக்கவில்லை. "இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்" என்று ஏச்சு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் போகுமுன் ஒன்று பாருங்கள். கடித்த அதே நாய் இன்றும் அந்த வீட்டில் சுகமாக நிற்கிறதா? நிற்கிறது, அதே நாய்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அந்தக் கடிக்கு விசர்ப் பயம் இல்லை. அப்படி இல்லாமல், அதே பெயரில் வேறொரு நாய் வளர்க்கிறார்கள் என்றால் நாளைக் காலையே போங்கள்.